வோல்டன்பெர்க்கை ஃபாக்ஸ் நியமிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தேர்தல் ஆணையங்களின் சுதந்திரம் பற்றித் தங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையில் மெக்சிகோவுக்கும் ஒரு பத்தி கிடைத்திருந்தது. அதிபர் விசெந்தே ஃபாக்ஸ் நியமித்த ஹோசே வோல்டன்பெர்க் என்ற நேர்மையான அதிகாரி, 2000ஆம் ஆண்டுத் தேர்தலை ஒழுங்காக நடத்தி 71 ஆண்டு ஒரு கட்சி ஆட்சிக்கு முடிவுகட்டினார் என்று அதில் இருந்தது. அந்த ஒரே வாக்கியத்தில் மூன்று பிழைகள். வோல்டன்பெர்க் தேர்தல் அமைப்பின் தலைவரானது 1996 அக்டோபர் 31ஆம் தேதி. ஃபாக்ஸ் அதிபர் பதவி ஏற்றது 2000 டிசம்பர் 1ஆம் தேதி. தனக்கு முன்பே பதவியில் இருந்தவரை ஃபாக்ஸ் எப்படி நியமித்திருக்க முடியும்? இரண்டாவது, வோல்டன்பெர்க் அதிகாரியே அல்லர். சமூகவியல் பேராசிரியர், அதற்கு முன் இடதுசாரிக் கட்சிக்காரர். மூன்றாவது பிழைதான் பெரிது: தனி ஒருவரின் நேர்மையால் அந்த மாற்றம் வந்தது என்பது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தாருங்கள்.

முதலில் ஆளைப் பற்றி. 1952இல் மாண்டெர்ரே நகரில் பிறந்தவர். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, அங்கேயே 1970களில் ஆசிரியரானார். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்கப் போராடியவர்களில் ஒருவர். அங்கிருந்து கட்சி அரசியல்: 1980களில் ஒன்றுசேர்ந்தும் பெயர் மாறியும் வந்த சோஷலிசக் கட்சிகளில் இருந்தார். 1989இல் குவாட்டேமோக் கார்டெனாஸ் தலைமையில் ஜனநாயகப் புரட்சிக் கட்சி (பி.ஆர்.டி) உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்து, 1991இல் விலகினார். 1994இல் தேர்தல் அமைப்பின் ஆறு குடிமக்கள் உறுப்பினர்களில் ஒருவர். 1996 முதல் 2003 வரை ஏழாண்டுகள் தலைவர். பிறகு 2004 முதல் 2008 வரை 'நெக்ஸோஸ்' இதழின் ஆசிரியர். இவ்வளவு காலமும் வகுப்பறையோடு உள்ள தொடர்பை விட்டவரும் இல்லை.

கட்சிக்காரராக இருந்தவரை எதிர்க்கட்சிகளும் ஆளுங்கட்சியும் எப்படி ஏற்றுக்கொண்டன? அதற்கு 1988க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 6ஆம் தேதி அதிபர் தேர்தல். தேர்தலை நடத்தியது உள்துறை அமைச்சர் மானுவேல் பார்ட்லெட் தலைமையிலான ஆணையம். அன்றிரவு முடிவுகளைத் தரவேண்டிய கணினி அமைப்பு செயலிழந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. பிறகு ஆளுங்கட்சியான நிறுவனப் புரட்சிக் கட்சியின் (பி.ஆர்.ஐ) கார்லோஸ் சலினாஸ் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி வென்றதாகவும், கார்டெனாஸுக்கு 31 சதவீதம் என்றும் அறிவித்தார்கள். உண்மையில் யார் வென்றார் என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. காரணம், நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்திருந்த வாக்குச்சீட்டுகளை நாடாளுமன்றத் தீர்மானத்துடன் பிற்பாடு எரித்துவிட்டார்கள்.

ஆக, போட்டியிடுபவனே நடுவராகவும் இருந்த ஏற்பாடு அது. 1990இல் 'இஃபே' எனப்படும் கூட்டாட்சித் தேர்தல் நிறுவனம் உருவானது. அப்போதும் தலைமை நாற்காலி உள்துறை அமைச்சரிடமே இருந்தது. 1996 சீர்திருத்தத்தில்தான் அரசு முழுதாக வெளியேறியது. தலைவர் ஒருவர், தேர்தல் கவுன்சிலர்கள் எட்டுப் பேர், இந்த ஒன்பது பேருக்கு மட்டுமே வாக்கு. கட்சிப் பிரதிநிதிகளும் நாடாளுமன்றக் குழுக்களின் பிரதிநிதிகளும் அதே மேசையில் உட்காரலாம், பேசலாம், கேள்வி கேட்கலாம், வாக்களிக்க முடியாது. ஒன்பது பேரையும் கீழவையில் வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்ந்தெடுக்க வேண்டும், பதவிக்காலம் ஏழாண்டு. மூன்றில் இரண்டு பங்கு என்றால் எந்தக் கட்சியும் தனியே ஆளைப் போட முடியாது. கட்சிகள் ஒன்றுக்கொன்று பெயர்களைச் சொல்லி, மறுத்து, பேரம் பேசித்தான் ஆகவேண்டும். அப்படிப் பெரிய கட்சிகள் எல்லாம் ஒப்புக்கொண்ட பெயர்தான் வோல்டன்பெர்க். கட்சியை விட்டு ஐந்தாண்டு ஆகியிருந்தது. 1994 முதல் அதே மேசையில் உட்கார்ந்து எல்லாத் தரப்புக்கும் பழகிய முகமாகவும் இருந்தார்.

மற்ற எட்டுப் பேரிலும் பல்கலைக்கழகக்காரர்களே அதிகம்: ஜாக்குலின் பெஸ்கார்ட், ஹைமே கார்டெனாஸ், அலோன்சோ லுஹாம்பியோ, ஹுவான் மோலினார், மௌரிசியோ மெரினோ என்று. அவர்கள் அரசியல் சார்பற்ற துறவிகள் என்று எண்ணிவிடக் கூடாது. லுஹாம்பியோவும் மோலினாரும் பின்னாளில் ஃபாக்ஸின் கட்சியான தேசிய செயல் கட்சியின் (பான்) ஆட்சியில் அமைச்சர்களானார்கள். அவைக்குள் ஒருவர் மற்றவரைச் சந்தேகித்தார்கள், பொது மேடையில் சண்டையும் போட்டார்கள். ஆனால் அவை கூடுவது கட்சிகளின் கண் முன்னால். தலைவருக்கும் ஒரே வாக்குத்தான்.

அடுத்து வாக்குச்சாவடி. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. எனக்கோ இதுதான் விஷயத்தின் மையமாகப் படுகிறது. வாக்குச்சாவடியை நடத்துவது அரசு ஊழியர் அல்லர், குலுக்கலில் வந்த அக்கம்பக்கத்துக் குடிமக்கள். 2000ஆம் ஆண்டு நடைமுறைப்படி, ஜனவரியில் இஃபேயின் பொது அவை ஒரு மாதத்தின் பெயரைக் குலுக்கி எடுக்கும். மார்ச் மாதம், அந்த மாதத்தில் பிறந்தவர்களில் தொடங்கி, ஒவ்வொரு வாக்குப் பகுதியிலும் 10 சதவீத வாக்காளர்களைக் கணினி தேர்ந்தெடுக்கும். 50 பேருக்குக் குறையக் கூடாது. அவர்களை வீடு தேடிப்போய் அழைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். அதன்பின் எழுத்து ஒன்றைக் குலுக்கி எடுத்து, குடும்பப்பெயர் அந்த எழுத்தில் தொடங்குபவர்களிலிருந்து ஆரம்பித்துப் பொறுப்பு கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், 70 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், கட்சிப் பொறுப்பிலோ உயர் அரசுப் பதவியிலோ இருக்கக் கூடாது. ஒரு சாவடிக்குத் தலைவர், செயலாளர், எண்ணுபவர் இருவர், மாற்று ஆட்கள் மூவர் என ஏழு பேர். அந்தத் தேர்தலில் 1 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். ஏழால் பெருக்கினால் ஏறத்தாழ 8 லட்சம் பேர். இத்தனை பேரை விலைக்கு வாங்க வேண்டுமானால், இரண்டு குலுக்கலின் முடிவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 750 வாக்காளர். அதைத் தாண்டினால் பக்கத்திலேயே இன்னொரு சாவடி போட்டு, குடும்பப்பெயரின் அகர வரிசைப்படி பட்டியலைப் பிரிப்பார்கள். பட்டியலில் புகைப்படம் உண்டு. வாக்காளர் கையில் புகைப்பட அட்டையும் உண்டு. இந்த அட்டை 1990களின் தொடக்கத்தில் இலவசமாக வழங்கப்பட்டது. தேசிய அடையாள அட்டை என்று வேறொன்று இல்லாத நாட்டில், வங்கியிலிருந்து எல்லா இடத்திலும் இதையே கேட்க ஆரம்பித்தார்கள். வீடு மாறினால் மக்கள் தாங்களாகவே போய் முகவரியை மாற்றினார்கள். வாக்காளர் பட்டியல் ஓரளவு சுத்தமாக இருந்ததற்கு எந்தப் பிரச்சாரத்தையும்விட இந்த வங்கிக் கவுன்டர்தான் உதவியது என்பது என் கணிப்பு.

மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே சாவடியில் எண்ணிக்கை தொடங்கும். நம் ஊரில் பெட்டியைச் சீல் வைத்து மையத்துக்கு எடுத்துப்போய், நாள்கணக்கில் காவல் வைத்து, பிறகு எண்ணுவோம். அங்கே அந்த இடைவெளியே கிடையாது. முதல் வேலை, மீந்த வாக்குச்சீட்டுகளில் மையால் இரண்டு குறுக்குக் கோடு போட்டுச் செல்லாததாக்குவது. இதைச் செய்யாமல் பெட்டியைத் திறந்தால், மீந்த சீட்டு எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்விடும். அடுத்து, பட்டியலில் வாக்களித்ததாகக் குறித்தவர்களை எண்ணுவார்கள். அதன்பின் பெட்டியிலிருந்து வந்த சீட்டுகள், கடைசியாகக் கட்சிவாரி வாக்குகள். மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். படிவத்தில் அலுவலர்களும் கட்சி முகவர்களும் கையெழுத்திட்டு, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பிரதி. முடிவைப் பெரிய எழுத்தில் சாவடி வாசலில் ஒட்டுவார்கள். அதன் பிறகு படிவத்தை வழியில் யாராவது திருத்தினால், கட்சி முகவர் கையிலுள்ள பிரதி காட்டிக்கொடுத்துவிடும். வாக்குச்சீட்டுகளைக் கட்டிய பொட்டலத்தை இஃபேயின் மாவட்ட அவையில் ஒப்படைக்கக் கெடுவும் உண்டு: மாவட்டத் தலைமையிட நகரம் என்றால் உடனடியாக, அதற்கு வெளியே நகர்ப்புறம் என்றால் 12 மணி நேரத்துக்குள், கிராமம் என்றால் 24 மணி நேரத்துக்குள்.

எங்கே தவறு நேரும்? இரண்டு இடங்களில். காலையில் பயிற்சி பெற்றவர் வராவிட்டால், 8.15க்குப் பிறகு மாற்று ஆளைப் போடுவார்கள். அவர்களும் இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் வாக்காளரையே கூப்பிட்டு உட்காரவைக்கலாம். அவர் அதே வாக்குப் பகுதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவசரத்தில் அதைப் பார்க்காமல் வேறு பகுதிக்காரரை உட்காரவைத்தால், அந்தச் சாவடியின் மொத்த வாக்கையும் தேர்தல் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். இன்னொன்று கணக்குப் பிழை. அதிபர், செனட், கீழவை என்று மூன்று சீட்டு, மூன்று பெட்டி. ஒருவர் பெட்டி மாற்றிப் போடுவார், இன்னொருவர் பக்கத்துச் சாவடிப் பெட்டியில் போடுவார், வேறொருவர் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். நாள் முழுதும் உட்கார்ந்து களைத்தவர்கள் இரவில் கூட்டும்போது ஒன்றிரண்டு இடிக்கத்தான் செய்யும். வித்தியாசம் அதிகமாக இருக்கும் தேர்தலில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

2000 ஜூலை 2 அப்படிப்பட்ட நாள். ஃபாக்ஸ் 42.5 சதவீதம், பி.ஆர்.ஐ. வேட்பாளர் பிரான்சிஸ்கோ லபஸ்டிடா 36.1, பி.ஆர்.டி.யின் குவாட்டேமோக் கார்டெனாஸ் 16.6. இரவு 11 மணி அளவில் வோல்டன்பெர்க் தொலைக்காட்சியில் மாதிரிச் சாவடிகளின் விரைவுக் கணக்கைச் சொன்னார். அதைத் தொடர்ந்து பதவியில் இருந்த அதிபர் எர்னஸ்டோ செடியோ தன் கட்சி தோற்றதை நாட்டுக்கு அறிவித்தார். இந்த வரிசையில் செடியோவின் பங்கைக் குறைத்துவிடக் கூடாது. கட்டுரையாளர் அவர் பெயரையே விட்டுவிட்டார்.

உண்மையில் கட்சிகளுக்கு முதல் சேதி அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. 1997 ஜூலை 6 இடைக்காலத் தேர்தலில், இதே வோல்டன்பெர்க் தலைமையில், பி.ஆர்.ஐ. கீழவையின் 500 இடங்களில் 239 மட்டும் பெற்றுப் பெரும்பான்மையை இழந்தது. அதே நாளில் கார்டெனாஸ் தலைநகரின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சித் தலைவரானார். 2000இல் தோல்வியை ஏற்றுக்கொள்ளப் பி.ஆர்.ஐ.க்கு மூன்றாண்டுப் பயிற்சி கிடைத்திருந்தது என்றே சொல்லலாம்.

வோல்டன்பெர்க்கின் உண்மையான சோதனை வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் வந்தது. அது பணம் பற்றியது. 2000 அதிபர் தேர்தலில் ஒரு வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 49.18 கோடி பெசோ. பி.ஆர்.ஐ. பிரச்சாரத்துக்கு பெமெக்ஸ் எண்ணெய் நிறுவனத்தின் தொழிற்சங்கத்திலிருந்து 50 கோடி பெசோ கணக்கில் காட்டாமல் வந்தது பிறகு வெளியானது. கணக்கில் வராத அந்த ஒரு தொகையே முழு உச்சவரம்பை விடப் பெரிது. 2003 மார்ச்சில் இஃபே அந்தக் கட்சிக்கு 100 கோடி பெசோ அபராதம் விதித்தது. மறைத்த தொகையைப் போல் இரண்டு மடங்கு. மே மாதம் தேர்தல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. வசூலிப்பது எப்படி என்ற கவலையும் இல்லை. 1996 சீர்திருத்தத்தில் கட்சிகளின் வருமானத்தில் பெரும்பகுதி பொது நிதி என்றாகிவிட்டது. அதில் 30 சதவீதத்தைச் சமமாகவும் 70 சதவீதத்தைப் பெற்ற வாக்கு விகிதத்திலும் பிரித்துக் கொடுப்பது இஃபேயின் வேலை. கொடுக்கும் கையே பிடித்துக்கொள்ளலாம். பொது நிதி இல்லாத நாட்டில் இதே அபராதம் வெறும் காகிதமாகவே இருந்திருக்கும்.

வென்ற ஃபாக்ஸும் தப்பவில்லை. 'ஃபாக்ஸின் நண்பர்கள்' என்ற அமைப்பின் வழியாகக் கட்சிக் கணக்குக்கு வெளியே பணம் திரட்டப்பட்டதாகப் புகார் வந்தது. இதில் இஃபே முதலில் தடுமாறியது. வங்கி ரகசியச் சட்டத்தைக் காட்டி விவரம் மறுக்கப்பட்டது; 2001இல் இஃபே புகாரைத் தள்ளிவிட்டது. தீர்ப்பாயம் தலையிட்டு விசாரணையைத் தொடரச் சொன்னது. தேர்தல் கணக்கைத் தணிக்கை செய்யும் அமைப்புக்கு வங்கி ரகசியம் குறுக்கே நிற்காது என்ற நிலை உறுதியான பிறகே பணம் வந்த வழி தெரிந்தது. வோல்டன்பெர்க் பதவி முடியும் 2003 அக்டோபரில், பான் கட்சிக்கும் அதன் கூட்டாளியான பசுமைக் கட்சிக்கும் சேர்த்து 50 கோடி பெசோவுக்கு மேல் அபராதம். பதவியில் இருக்கும் அதிபரின் கட்சி அது. ஃபாக்ஸ் நியமித்தவர் என்று எழுதினால் இந்தச் செய்திக்கே பொருள் இல்லாமல் போகிறது. இவ்வளவும் பணம் செலவாகி மூன்றாண்டு கழித்து வந்த தண்டனை என்ற குறையையும் சொல்லத்தான் வேண்டும். தேர்தல் முடிவை அது மாற்றவில்லை, மாற்றவும் முடியாது.

பிறகு நடந்ததுதான் கட்டுரையாளரின் வாதத்துக்கு நேர் எதிரான சான்று. 2003 அக்டோபர் இறுதியில் ஒன்பது பேரின் பதவிக்காலமும் ஒன்றாக முடிந்தது. இதுவே வடிவமைப்பில் இருந்த ஓட்டை: எல்லோரும் ஒரே நாளில் போவதால், ஒரே பேரத்தில் முழு அவையும் மாறிவிடும். பி.ஆர்.ஐ.யும் பானும் சேர்ந்தாலே மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. இரண்டும் தங்கள் பெயர்களைப் பகிர்ந்துகொண்டன, பி.ஆர்.டி. வெளியே விடப்பட்டது. புதிய தலைவர் லூயிஸ் கார்லோஸ் உகால்டேவும் கல்வியாளர்தான். குலுக்கலும் புகைப்பட அட்டையும் அழியாத மையும் படிவப் பிரதியும் அப்படியே இருந்தன.

2006இல் பான் வேட்பாளர் ஃபெலிப்பே கால்டெரோனுக்கும் பி.ஆர்.டி.யின் லோபஸ் ஒப்ரதோருக்கும் இடையே வித்தியாசம் 0.6 சதவீதத்துக்கும் குறைவு. விரைவுக் கணக்கில் பிழை வரம்புக்குள் இருந்ததால் அன்றிரவு உகால்டே யாரையும் வென்றவராகச் சொல்லவில்லை. புள்ளியியல்படி அது சரியான முடிவு. முதற்கட்ட முடிவுப் பட்டியலில், கணக்கு இடித்த படிவங்களைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அது முன்பே கட்சிகள் ஒப்புக்கொண்ட விதி. ஆனால் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அதில் இருக்கின்றன என்று தெரிந்ததும், வாக்குகளைக் காணோம் என்று தெருவெல்லாம் பேச்சு. மேலே சொன்ன கூட்டல் பிழைகள் எல்லாம் திருட்டின் அடையாளங்களாயின. தீர்ப்பாயம் 11,839 சாவடிகளில், அதாவது மொத்தத்தில் சுமார் 9 சதவீதத்தில், மறு எண்ணிக்கை நடத்தியது. முடிவு மாறவில்லை, சந்தேகமும் தீரவில்லை. 1996இல் மேசையில் இடம் கிடைத்த கட்சி 2003இல் வெளியே நிறுத்தப்பட்டிருந்ததை வைத்துப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. அடுத்து வந்த சீர்திருத்தத்தில் உகால்டே பதவிக்காலம் முடியும் முன்பே போனார். கவுன்சிலர்களின் பதவிக்காலமும் ஒரே நாளில் முடியாதபடி மாற்றப்பட்டது.

2014இல் இஃபே 'இனே' என்ற தேசியத் தேர்தல் நிறுவனமாக மாறியது. 2022 நவம்பர் 13ஆம் தேதி, அதைச் சுருக்க முயன்ற, பின்னாளில் அதிபரான லோபஸ் ஒப்ரதோர் அரசின் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தலைநகரில் நடந்த பேரணியில், புரட்சி நினைவுச் சின்னத்தின் முன் பேசிய ஒரே பேச்சாளர் வோல்டன்பெர்க். அடுத்த ஆண்டு அதே அரசு கொண்டுவந்த சட்டத்தை, நாடாளுமன்ற நடைமுறை மீறப்பட்டது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2023இல் புதிய தலைவர் பெயரில் கட்சிகள் ஒத்துப்போகாததால், குவாதலூப்பே தத்தேய் குலுக்கலில் தேர்வானார். சாவடி அலுவலருக்கான குலுக்கல் நல்ல ஏற்பாடு. தலைவருக்கான குலுக்கல் கட்சிகள் பேசிமுடிக்கத் தவறியதற்கான அபராதம்.

தங்கள் கட்டுரை 2025 ஜூன் 1ஆம் தேதி மெக்சிகோவில் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுத்ததைப் பாராட்டியும் ஒரு வரி எழுதியிருந்தது. வாக்களித்தவர்கள் சுமார் 13 சதவீதம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தத் தேர்தலில் வாக்குகள் சாவடியில் எண்ணப்படவில்லை. பொட்டலமாகக் கட்டி மாவட்ட அவைகளுக்கு அனுப்பி அங்கே எண்ணினார்கள். மீந்த சீட்டுகளைச் சாவடியிலேயே கோடு போட்டுச் செல்லாததாக்கும் வழக்கமும் கைவிடப்பட்டது. சாவடி வாசலில் முடிவு ஒட்டப்படவில்லை. கட்சிகள் போட்டியிடாத தேர்தல் என்பதால் படிவப் பிரதியோடு வீடு திரும்பக் கட்சி முகவரும் இல்லை.

நியமனத் தேதி பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்